பதினோராவது நிமிடம்

பதினோராவது நிமிடத்திலும் அந்தப் பெண் போனை வைக்கவில்லை. நான் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டேன். சுவருக்கும் காது உண்டு என்பார்கள்; எங்கள் அலுவலகத்தில் அந்தக் காது நான்தான். வாஷிங் மெஷின் ஓடவில்லை என்று கூப்பிடுகிறவர்களிடம் எங்கள் ஆட்கள் பேசியதைப் பதிவில் கேட்டு மதிப்பெண் போடுவது என் வேலை. ஒட்டுக்கேட்டுச் சம்பளம் வாங்குகிறவனோடு யார் சேர்ந்து சாப்பிடுவார்கள்? ஒன்பது வருடமாக மாடியறையில் தனிச் சாப்பாடுதான்.

அவளைக் கூப்பிட்டிருந்த பெரியவரின் மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. பிளக்கை மாட்டவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது நிமிடத்திலேயே அவள் கண்டுபிடித்துவிட்டாள். அதற்கப்புறம்தான் அவர், இதெல்லாம் வீட்டுக்காரி பார்த்துக்கொண்டது, அவள் போய் இருபது நாளாகிறது என்று ஆரம்பித்தார். தூள் எவ்வளவு போடுவது, வெள்ளைத் துணியைத் தனியாகப் போட வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவளும் அலுத்துக்கொள்ளாமல் சொல்லிக்கொடுத்தாள். விதிப்படி ஆறு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. எண்பது வாங்கினால்தான் அவளுக்கு வேலை நிரந்தரம். நான் எழுபத்தாறு போட்டேன்.

அடுத்த வாரம் அவளே மாடியேறி வந்தாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிடச் சின்னப் பெண். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று விதிமுறைத் தாளை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டேன்.

"நீங்கதான் கேட்டீங்களா சார்?"

"ஆமாம்மா."

"முழுசாவா?"

"முழுசாத்தான் கேட்டேன்."

மதிப்பெண் பேச்சை எப்போது எடுப்பாள் என்று காத்திருந்தேன். அவள் தாளைப் பார்க்கவேயில்லை.

"அந்தப் பெரியவர் அப்புறம் கூப்பிட்டாரா சார்?"

கூப்பிட்டிருந்தார். மூன்று முறை. மூன்று முறையும் இவளைத்தான் கேட்டார். யார் யாரோ எடுத்து, மெஷின் ஓடுகிறதா என்று மட்டும் விசாரித்து, நாற்பது வினாடிக்குள் வைத்துவிட்டார்கள். மூன்றுக்கும் நான் முழு மதிப்பெண் போட்டிருந்தேன்.

"இல்லம்மா. கூப்பிடல."

"அப்ப துவைக்கக் கத்துக்கிட்டாரு," என்று அவள் சிரித்தாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

வரேன் சார் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். என்னிடம் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். கதவுவரை போவதற்குள் அவள் ஒரு மாடி இறங்கியிருந்தாள். செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. கடைசிப் படிவரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றேன்.