கோல்கீப்பரின் மஞ்சள் ஸ்வெட்டர்

காலையில் உயிர் பிரிந்த அப்பாவின் விரல்களை நேராக்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தாள் மகள். வலது கையில் மூன்று விரல்கள் ஆளுக்கொரு திசையில் நின்றன. கால்பந்து ஆடிய கிளப்புக்கு ஒன்றாக உடைந்தவை.

"விடுடீ. உயிரோட இருக்கும்போதே சொன்ன பேச்சு கேட்காத விரலுங்க," என்றாள் அம்மா.

சம்பளம் கொடுத்துக் கால்பந்து ஆடவைத்த கிளப்புகள் அந்த ஊரில் ஆரம்பித்த வேகத்திலேயே மூடிக்கொண்டன. பேட்டரி கம்பெனியுடையது இரண்டு வருஷம் ஓடியது. டைல்ஸ் வியாபாரியுடையது ஒன்றரை. மூன்றாவது, நகராட்சி சேர்மனுடையது, ஒன்பதே மாதம். மூன்றுக்கும் அப்பாதான் கோல்கீப்பர். அதற்கப்புறம் முப்பது வருஷம் எடைமேடையில் லாரிகளுக்கு எடை போட்டார்.

வாசலில் கார் வந்து நின்றது. அதே சேர்மன். வெட்கமே இல்லாமல் இப்போது நாலாவது கிளப் தொடங்கியிருக்கிறார். மகள் அங்கேதான் டிக்கெட் கவுண்டரில் இருக்கிறாள். வேலை நிரந்தரமாவது அவர் கையில். கூடவே ஒரு போட்டோகிராபர், கவர் பிரிக்காத ஒன்றாம் நம்பர் கோல்கீப்பர் ஜெர்சி.

"நம்ம கிளப் ஆளும்மா அவரு. இதைப் போர்த்தி ஒரு போட்டோ. உன் வேலை விஷயத்தையும் இன்னிக்கே முடிச்சுடறேன்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்தாள்.

சேர்மனுடைய பழைய கிளப்பின் கடைசி ஆட்டத்தின்போது மகள் அம்மாவின் வயிற்றில். இடைவேளையில் சேர்மனின் ஆள் வந்து, கிளப்பை மூடியாச்சு என்று சொல்லி, போட்டிருந்த ஜெர்சிகளைக் கழற்றி மூட்டை கட்டிக்கொண்டு போனான். பத்துப் பேர் பல் கிட்டும் குளிரில் வெற்றுடம்போடு மறுபடி இறங்கினார்கள். கோல்கீப்பர் தனியாகத் தெரிந்தே ஆகவேண்டும் என்று நடுவர் அடம்பிடிக்க, கேலரியிலிருந்து அம்மா தன் மஞ்சள் ஸ்வெட்டரைக் கழற்றி வீசினாள். தோற்றது என்னவோ தோற்றதுதான். ஆனால் அந்தப் பாதியில் ஒரு கோல்கூட விழவில்லை.

மகள் அப்பாவின் கையை விட்டுவிட்டு எழுந்தாள்.

"அன்னிக்குக் கழட்டிக்கிட்டுப் போனீங்க இல்ல சார், அதோட சரி. மிச்ச ஆட்டத்தை எங்கப்பா உங்க சட்டை இல்லாமதான் ஆடினாரு. இப்பவும் அப்படியே போவாரு."

"யோசிச்சுப் பேசும்மா. நாளைக்கு வேலைக்கு வர வேணாமா?"

"கவுண்டர் சாவி அந்த மேஜை மேல இருக்கு. எடுத்துக்குங்க."

போட்டோகிராபர் காமிராவை மூடினார். சேர்மன் சாவியை எடுத்துக்கொண்டுதான் போனார்.

கார் சத்தம் ஓய்ந்ததும் அம்மா எழுந்து பீரோவைத் திறந்தாள்.

"இனிமே என்னடீ பண்ணுவ?"

"பாத்துக்கலாம்மா."

"அப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்கே," என்று அம்மா முனகினாள். அது குறையாகக் கேட்கவில்லை.

அந்த மஞ்சள் ஸ்வெட்டரை எடுத்து அப்பாவின் மார்பில் விரித்து, அதன் கைகளை அவர் கைகள்மேல் நீட்டினாள். ஸ்வெட்டரின் இடது கை அவர் மணிக்கட்டுக்கு எட்டவில்லை. அன்றைய பாதி ஆட்டத்தில் பாய்ந்து பாய்ந்து இழுபட்ட வலது கை மட்டும் ஒரு சாண் நீண்டு, கட்டிலுக்கு வெளியே தொங்கியது.

தூக்க வந்தவர்களில் ஒருவர் அதை உள்ளே மடிக்கப் போனார்.

"இருக்கட்டும்," என்றாள் அம்மா.