இரண்டு விரல்

சீசனின் முதல் ஆட்டத்திலேயே ஜெரின் எறிந்த பந்து ஒரு சாண் உயரம் தப்பிப் போனது. அறிவுமதியை இரண்டு பேர் தொடையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். அவனும் எட்டித்தான் பார்த்தான். பந்து அவன் விரல் நுனிக்கு மேலே போய் எதிரணிக்காரன் கையில் சொகுசாக உட்கார்ந்துகொண்டது.

"இன்னாடா எறியற? வானத்துல எவனாவது நிக்கறானா?" என்று கோட்டுக்கு வெளியிலிருந்து கோச் அல்போன்ஸ் கத்தினார்.

அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். ஆனால் அந்த உயரம் யாருடையது என்று ஜெரினுக்குத் தெரியும். அது ஹாதியின் உயரம்.

ரக்பி என்றால் நம் ஊரில் இன்னமும், "அது இன்னாப்பா, பந்தத் தூக்கிக்கினு ஓடி அடிச்சிக்கறதுதான?" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். அடித்துக்கொள்வதுதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அதற்குள்ளும் நுட்பம் உண்டு. பந்து பக்கக் கோட்டைத் தாண்டிவிட்டால் இரண்டு அணியும் அக்கம்பக்கமாக வரிசை கட்டி நிற்கும். அதற்கு லைன்-அவுட் என்று பேர். கோட்டில் நின்று ஒருவன் பந்தை எறிவான், வரிசையில் ஒருவனைத் தூக்குவார்கள், அவன் பிடிக்க வேண்டும். யாருக்கு எறியப் போகிறான் என்று எதிரணிக்குத் தெரிந்தால் போச்சு. அதனால் எறிகிறவன் தொடையில் கை வைத்து ஜாடை காட்டுவான். வங்கக்கரைப் பல்கலைக்கழக அணியில் எறிகிறவன் ஜெரின். மூன்று வருடம் அவன் தொடையைப் பார்த்து எழும்பியவன் ஹாதி. அந்த ஜாடை வளர்ந்து வளர்ந்து அவர்கள் இருவருக்கும் தனி பாஷையே ஆகிவிட்டது. விரல் காட்டினால் எண்ணிக்கை. மூடிய முட்டி என்றால் நாம். விரித்த கை என்றால் அவர்கள். கேன்டீனில் எத்தனை டீ என்பதைக்கூட அதில்தான் பேசிக்கொள்வார்கள்.

போன வருடம் தென்மண்டல அரையிறுதியில் ஹாதி விழுந்தான். மூன்று நாள் கழித்து ஆஸ்பத்திரியில் உயிரை விட்டான். இருபத்தொரு வயது. சொல்லும்போதே வயிறு எரிகிறது.

விழுந்தது ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. முதலில் எவனோ ஒருவனின் முழங்கால் தலையில் பட்டது. எழுந்துவிட்டான். முதலுதவிக்கு நின்ற மாணவி சரிதா ஓடிவந்து, தலையில் அடிபட்டவனிடம் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டாள். இது எந்தப் பாதி? கடைசியா பாயிண்ட் எடுத்தது யாரு? போன மேட்ச் யாரு ஜெயிச்சது? ஒன்று தப்பினாலும் வெளியே உட்கார வேண்டியதுதான். ஹாதி மூன்றையும் சரியாகச் சொன்னான். பன்னிரண்டு நிமிடம் கழித்து இரண்டாவது அடி. அது பெரிய அடிகூட இல்லை.

எல்லோரும் சரிதாவைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஹாதியின் அம்மா ஹாஜிரா, ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே, நீ நல்லா இருப்பியா என்று கேட்டார். சரிதா படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊரோடு போய்விட்டாள்.

மூன்று கேள்விக்கும் ஹாதி எங்கே பார்த்துப் பதில் சொன்னான் என்பது ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது ஆட்டத்தில்தான் குரல் வந்தது. ஜெரின் பந்தைத் தலைக்கு மேலே தூக்கியிருந்தான். வரிசையில் ஏழு பேர். பழக்கத்தில் ஒரு தடவை எண்ணினான். எட்டு வந்தது. மறுபடியும் எண்ணினான், ஏழு. அப்போது வரிசையின் கடைசியிலிருந்து, மூச்சு வாங்குகிற குரலில், ரொம்பச் சாதாரணமாக ஒரு கேள்வி வந்தது.

"எந்தப் பாதிடா?"

ஜெரின் பந்தைக் கீழே போட்டான். நடுவர் விசில் அடித்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்திலும் அது வந்தது. ஒரு கோபம் இல்லை, அழுகை இல்லை. வழி கேட்கிறவன் மாதிரி, எந்தப் பாதிடா, எந்தப் பாதிடா என்று. கோபமாக வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். ஜெரின் தொடையில் விரல் வைத்துப் பதில் காட்டினால் கொஞ்ச நேரம் அடங்கும். காட்டாவிட்டால் கேட்டுக்கொண்டே இருக்கும். அவன் காட்டிக்கொண்டே இருந்தான்.

இதற்கு நடுவில் ஃபரீஹா வந்து சேர்ந்தாள். ஹாதியின் அக்கா. பிசியோதெரபி முடித்து நெல்லித்தோப்பில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறவள். "இந்த வருஷம் முதலுதவிக்குக் கோட்டுப் பக்கம் நான் நிக்கறேன் சார்" என்று அல்போன்ஸிடம் போய் நின்றாள். அல்போன்ஸ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருடம் இருந்து பென்ஷன் வாங்கிய சிப்பாய், ஊர் பாஷையில் சொல்தா, லேசில் கண் கலங்காதவர். அன்றைக்குக் கலங்கினார்.

வீராம்பட்டினம் கடற்கரையில் மணலில் ஓட்டப் பயிற்சி முடிந்த ஒரு காலையில், ஜெரினின் விரலுக்கு டேப் சுற்றிக்கொண்டே ஃபரீஹா பேசினாள்.

"ஒண்ணுதான் ஜெரின் எனக்குப் புரியல. மொத அடியிலயே உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கும், அவன் தன் பேரைக்கூட யோசிச்சுதான் சொல்லியிருப்பான்னு டாக்டர் சொல்றாரு. ஆனா சரிதா பேப்பர்ல மூணும் கரெக்ட்டுன்னு டிக் இருக்குது. அப்போ அந்தப் பொண்ணு கேக்காமயே டிக் அடிச்சிச்சா? அம்மா தெனம் தொழுதுட்டு எழுந்ததும் சரிதாவத்தான் திட்டுது. நீ பக்கத்துலதான நின்ன. அந்தப் பொண்ணு கேள்வி கேட்டுச்சா, கேக்கலியா?"

அவள் சுற்றிக்கொண்டிருந்தது ஜெரின் பதில் காட்டுகிற அதே இரண்டு விரலைத்தான்.

"கவனிக்கலக்கா" என்றான்.

கவனிக்கலையாம்! அட பாவி, அந்த ஒரு நிமிடத்தைத் தவிர வேறு எதைக் கவனித்தாய் வாழ்க்கையில்?

அணி ஜெயித்துக்கொண்டே போனது. அதுதான் வேடிக்கை. ஜெரின் தூக்கமில்லாமல் கண் குழி விழுந்து நின்றான். அறிவுமதி எகிற எகிறப் பழகி, ஹாதியின் உயரத்துக்கு இருந்த ஒரு சாணில் பாதியை எட்டிவிட்டான். ஜெரினுடைய ஜாடை முழுவதையும் கற்றுக்கொண்டான். டிசம்பரில் இறுதி ஆட்டம், காலாப்பட்டு தாண்டி இருக்கிற அவர்களுடைய சொந்த மைதானத்திலேயே. மழை விட்டு வெயில் அடித்த மத்தியானம். ஹாஜிராவைத் தவிர ஹாதி வீட்டு ஜனங்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள்.

ஆட்டம் முடிய மூன்று நிமிடம். நான்கு பாயிண்ட் பின்னால் இருந்தார்கள். எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு ஐந்து மீட்டரில் லைன்-அவுட் கிடைத்தது, எறிகிற உரிமை ஜெரினுக்கு. பிடித்து, தள்ளி, கோட்டைத் தாண்டி வைத்துவிட்டால் ஐந்து பாயிண்ட், கோப்பை. ஆனால் அதற்கு முந்தின மோதலில் அறிவுமதி விழுந்து கிடந்தான். எவன் தோளோ அவன் காதோரம் இடித்திருந்தது. ஃபரீஹா பையோடு ஓடிவந்தாள். அதற்குள் அவன் எழுந்து, "ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்ல" என்று சிரித்தான்.

"அத நான் சொல்றேன். இது எந்தப் பாதி?"

அறிவுமதியின் கண் மெதுவாக நகர்ந்து ஜெரினின் தொடைக்கு வந்து நின்றது. திருட்டுத்தனம் எதுவும் இல்லை அதில். பதில் வேண்டுமென்றால் அங்கே பார்ப்பதுதான் அவனுக்குப் பழக்கம்.

ஜெரினின் இரண்டு விரலும் தானாக நீண்டன.

"அலே, அலே! சீக்கிரம் ஆவட்டும்! அவன் நல்லாதான கீறான்!" என்று பட்டாளத்துப் பிரெஞ்சும் தமிழுமாக அல்போன்ஸ் கத்தினார். பின்னாலிருந்து, கழுத்தில் மூச்சு படுகிற தூரத்தில், அந்தக் குரலும் கேட்டது.

"எந்தப் பாதிடா?"

ஜெரின் இரண்டு கையையும் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டான். சரணடைகிறவன் மாதிரி நின்றான். அறிவுமதி வெறும் தொடையைப் பார்த்தான், ஃபரீஹாவைப் பார்த்தான்.

"மொத... மொத பாதி?" என்றான்.

அவனைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோனார்கள். மாற்று ஆள் ஆரோனைத் தூக்கிப் பிடித்தார்கள். ஜெரின் எறிந்தான். பந்து ஒரு சாண் மேலே போனது. அவ்வளவுதான், தோற்றார்கள்.

அல்போன்ஸ் தொப்பியைத் தரையில் அடித்துவிட்டுப் போனார். ஆம்புலன்ஸில் அறிவுமதியை ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டு ஃபரீஹா மட்டும் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஜெரின் பக்கத்தில் போய் நின்றான்.

"அறிவு ஏன் உன் தொடையப் பாத்தான்?" என்றாள் நிமிராமல்.

"பழக்கம்கா. லைன்-அவுட்டுக்கு அங்கதான் பாப்பாங்க."

கட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"ஹாதியும் அங்கதான பாப்பான்?"

இன்னொரு பொய்க்கு அவனிடம் தெம்பு இல்லை.

"ஆமாங்கா. பாத்தான். நான் காட்டினேன். ரெண்டு வெரல், அப்புறம் முட்டி, மறுபடி முட்டி. அவனுக்கு ஒண்ணுமே தெரியலக்கா. அவன் கண்ணப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சி போச்சி. தெரிஞ்சேதான் காட்டினேன், ஜெயிக்கணும்னு. சரிதா ஒழுங்காதான் கேட்டுச்சி."

ஃபரீஹா ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று நினைத்தான், அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் தன் கையை விரித்து இரண்டு விரலை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத அம்மாகிட்ட நீதான் சொல்லணும்" என்றாள் கடைசியில். "இப்பவே. நாளைக்கு அந்தப் பொண்ணு ஊருக்குப் போறோம். அங்கயும் நீதான்."

"சரிக்கா."

மைதானத்து கேட்டைத் தாண்டும்போது ஜெரின் சட்டென்று நின்றுவிட்டான். கை தானாகத் தொடைக்குப் போனது. ஃபரீஹா பார்த்துவிட்டாள்.

"யாருக்குக் காட்டற?"

"ஹாதிக்குத்தான்கா. சீசன் பூரா கேக்கறான். எந்தப் பாதின்னு. இன்னும் ஆடிக்கினு இருக்கறான்." அவன் வாய் கோணி அழுகை வந்துவிட்டது. "நான் காட்டிக் காட்டித்தான் அவன் வெளிய வரவே இல்ல."

ஃபரீஹா திரும்பினாள். மைதானம் காலியாகக் கிடந்தது. பக்கக் கோட்டின் சுண்ணாம்பு மழைச் சேற்றில் பாதி கரைந்திருந்தது. அவள் அவனுடைய கையைத் தொடையிலிருந்து எடுத்துத் தன் கையில் பிடித்துக்கொண்டாள்.

"ஹாதி," என்று சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள். "மேட்ச் முடிஞ்சிடுச்சிடா. வா, அம்மா காத்துக்கினு இருக்குது. வீட்டுக்குப் போலாம்."