பிரதீஸ் காயப்போட்ட துணிகள்

ஒரு கைக்குழந்தையின் ஈரத்துணிகள் துறைமுகத்தையே நிறுத்திப்போட்டன. கிரேன் நின்றது, கப்பல் நின்றது, கடல்கூட அலையை வாய்க்குள் அடக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தது. "விசர்க்கதை!" என்று சொன்ன ஒரே ஆள், அந்தக் கிரேனை ஓட்டும் பாக்கியரத்தினம்.

பிரதீஸுக்கு அந்தக் கதையைக் கேட்டாலே காது சுடும்.

மனைவி மதிவதனாவுக்குத் துறைமுகக் கந்தோரில் எழுத்து வேலை. மகள் பிறந்ததும் வேலையை விட்டு வீட்டில் நின்றவன் பிரதீஸ்தான். ஒழுங்கையில் யாரும் கேட்டால், "வீட்டிலயிருந்து கொம்பியூட்டர் வேலை" என்பான். பாக்கியரத்தினம் விடமாட்டார். "என்ன தம்பி, கொம்பியூட்டருக்குப் பால் குடுத்தாச்சோ?"

ஒரு கிழமை மழைக்குப் பிறகு வானம் வெளித்தது. பின்வளவில் துணி போட்டால் அவன் போடுவதைக் குழாயடிப் பெண்கள் கண்டுவிடுவார்கள். மதி விடியவே வேலைக்குப் போனதும், வீட்டுக்கு முன்னால் ஆளில்லாத ஒழுங்கையில் வாசல் படலையிலிருந்து லைற் கம்பம் வரை கயிறு கட்டி, வெள்ளைச் சதுரத் துணிகளை வரிசையாகப் போட்டான். போட்டது மதி என்று ஊர் நினைக்கட்டும். பிறகு மகளுக்குப் பக்கத்தில் சரிந்தவன், அப்படியே நித்திரையாகிப்போனான்.

எழும்பிப் படலையைத் திறந்தால் பாதி ஊர் நிற்கிறது. ஒழுங்கை நீளத்துக்கு வெள்ளைக்கொடி கட்டுவது செத்தவீட்டுக்குத்தானே! ஆட்கள் இருக்க வாடகைக் கதிரைகள் வந்து இறங்கிவிட்டன. சல்லி ஊரிலிருந்து ஒரு பஸ், குச்சவெளியிலிருந்து இரண்டு. செய்தி துறைமுகத்துக்கும் போய்விட்டது.

"ஆர் தம்பி மோசம் போனது?" பக்கத்து வீட்டுச் சிவகாமிப்பிள்ளையக்கா மூக்கைச் சீறினார்.

துணி என்றால், துவைத்தது யாரென்று கேட்பார்களே! "கண்டியில ஒரு பெரிய மாமி..." என்று வாய் தானாகவே தொடங்கிவிட்டது. அப்படியொரு மாமியே இல்லை. பெண்கள் உடனே அந்த மாமியின் தங்கமான குணத்தைச் சொல்லி அழத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் பாக்கியரத்தினத்தின் மோட்டார் சைக்கிள் சீறிக்கொண்டு வந்து நின்றது. பின்னாலிருந்து மதி குதித்தாள். ஒரு காலில் செருப்பில்லை.

"பிள்ளை எங்க? என்ர பிள்ளை எங்க?"

பிரதீஸ் உள்ளே ஓடி மகளைத் தூக்கிவந்து அவள் கையில் வைத்தான். அவள் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டதைக் கண்டபின் அவனால் ஒருவர் முகத்தையும் பார்க்க ஏலாமற்போனது. துணி துவைத்ததை மறைக்கவா பெற்றவளை இப்படி ஓடிவரவைத்தேன்?

"ஒருத்தரும் சாகேல்லை," என்றான் நிலத்தைப் பார்த்தபடி. "மாமியும் இல்லை, கொம்பியூட்டரும் இல்லை. அது பிள்ளையின்ர துணி. நான்தான் துவைச்சுப் போட்டனான். பிள்ளை பாக்கிறதுதான் என்ர வேலை."

"அப்ப இந்தக் கதிரையள்?" என்றார் சிவகாமிப்பிள்ளையக்கா.

பிறகு பல மாதம் ஜவ்பரின் தேத்தண்ணிக் கடையில் இந்தக் கதைதான். ஒவ்வொரு தடவையும் பாக்கியரத்தினம், "துணிக்குக் கிரேன் நிக்குமோ?" என்று வெட்டிவிடுவார். ஒருநாள் பிரதீஸ் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்த தலையோடு கடைக்கு வந்து இருந்தான். ஜவ்பர் வழக்கம்போலத் தொடங்கினார். பாக்கியரத்தினம் மறுக்க வாயைத் திறந்தார். பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்தது.

"ஓம், நிண்டதுதான்," என்றார் மெல்ல. "கப்பல் பெட்டியைக் கிரேன்ல அந்தரத்தில தொங்கவிட்டிட்டு இறங்கி ஓடினவன் நான்தானே. இந்தப் பிள்ளைக்குத்தான் ஏதோ எண்டு நினைச்சனான்."