மூன்று சொம்புத் தண்ணீர்

1897ஆம் வருடம் ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சிமெண்ட் ஆலைத் தொழிலாளி காத்தவராயன் குளித்துவிட்டு உட்கார்ந்தவர் அப்படியே இறுகிப்போனார். பொழுது சாய்வதற்குள், தட்டினால் கல் சத்தம் கேட்டது. அதே வாரம் கேழ்வரகு விலை ஏறியிருந்ததால் ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

ஆலை ஆண்டர்சன்பேட்டைக்குக் கிழக்கே இருந்தது. ஊரார் அதைச் சிமிட்டி மில் என்றார்கள். பூதிகோட்டைப் பக்கத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்த சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணோடு சுட்டு அரைத்து, தங்கச் சுரங்கத்தில் செங்குத்தாக இறங்கும் ஷாஃப்ட் குழிகளின் சுவர்களுக்கு அனுப்பினார்கள். அரைத்தவர்கள் எல்லாம் வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். தூள் மூக்கு, காது, மயிர்க்கால் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஷிஃப்ட் முடிந்ததும் புங்க எண்ணெய் தேய்த்து, கோணியால் அழுத்தித் துடைத்து, அப்புறம்தான் தண்ணீரைத் தொடுவார்கள். எட்டு வருடமாகக் காத்தவராயனும் இதில் தவறியதில்லை. அன்று குடியாத்தத்திலிருந்து வந்த வண்டிக்காரர் ஒருவர், காத்தவராயனின் அம்மா செத்துப் பதினாறு நாளாகிறது என்றார். சாவுச் சேதி கேட்டவன் நின்ற கோலத்தில் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு முன் எண்ணெய் தொடக்கூடாது. மனைவி வெங்கடம்மாதான் மூன்று சொம்பு ஊற்றினார்.

சுரங்க ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர் ஏனோக் வந்து மார்பில் காது வைத்துப் பார்த்தார். நாடி காலையில் ஒன்று, மாலையில் ஒன்று அடிப்பதாகச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆலை கட்டிக்கொடுத்த லைன் வீடு வேலைக்கு வருகிறவர்களுக்கு மட்டும்தான். வராவிட்டால் மூன்றாம் நாள் காலி செய்ய வேண்டும். இந்த மனுஷனைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்பதுதான் வெங்கடம்மாவின் கவலை. மேஸ்திரி தாமோதரன் தலையைச் சொறிந்தார்.

“நாடி அடிக்கறவன் பேர நான் இன்னாத்துக்கு வெட்டணும்? ஷிஃப்டுக்கு வந்துட்டா வீடு இருக்கும். வர வழிய நீங்க பாருங்க.”

ஆறு பேர் மூங்கில் கட்டித் தூக்கிவந்து அவரை ஆலை வாசலில் வைத்தார்கள். காற்றில் அடித்துக்கொள்ளும் இரும்புக் கதவுக்கு அவர் முட்டுக்கொடுத்தார். மாலையில் திரும்பத் தூக்கிப்போனார்கள். ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட லீவு இல்லை. இவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மானேஜர் துரை மற்றவர்களைக் கடிந்துகொள்வார். வெங்கடம்மாவும் அங்கேயே சல்லடை வேலைக்குச் சேர்ந்தார். உறவுக்காரர்கள் வந்து, தாலியைக் கழற்றிவிட்டு ஊருக்கு வா என்றார்கள்.

“ஊத்தினது நான்தானே. காலைல ஒண்ணு அடிக்குது, சாயங்காலம் ஒண்ணு அடிக்குது. நான் இருந்து கேக்கறேன், போங்க.”

அவர் அழுததை யாரும் பார்க்கவில்லை. தூள் படிந்த முகத்தில் கண்ணீர் விட்டால் கன்னம் இறுகிவிடும்.

1903இல் சீமைச் சிமெண்ட் பீப்பாய் பீப்பாயாக ரயிலில் வந்து இறங்கியது. ஆலையை மூடினார்கள். ஆண்கள் சுரங்கத்தில் சேர்ந்து கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கினார்கள். லைன் வீடுகளைச் சனிக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. கடைசி ஷிஃப்ட் முடித்து வந்த வெங்கடம்மா எண்ணெய்க் கலயத்தைத் தொடவில்லை. புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கைமேல் இடது கையை வைத்துக்கொண்டு, வலது கையால் மூன்று சொம்பு தலைக்கு ஊற்றிக்கொண்டார். வழியில் போன தாமோதரன் நின்றார்.

“இன்னாம்மா இது?”

“இனிமே வீட்டுக் கவல இல்ல, அண்ணே.”

சனிக்கிழமை கூரையைப் பிரிக்க வந்தவர்கள் இருவரையும் அசைத்துப் பார்த்தார்கள். தரையோடு சேர்ந்து இறுகியிருந்தார்கள். சுவர்களை மட்டும் இடித்துவிட்டுப் போனார்கள்.

ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன் அக்கம்பக்கத்துப் பெண்கள் இருவருக்கும் புங்க எண்ணெய் தேய்த்துவிடுகிறார்கள். காது வைத்தால் காலையில் இரண்டு கேட்கும், மாலையில் இரண்டு. வெளியூர்க்காரர் யாராவது செருப்பைக் கழற்றிக் கும்பிடப் போனால் அந்தப் பெண்கள் தடுத்துவிடுவார்கள்.

“சாமி இல்லீங்க. சிமிட்டி மில்லுல வேல செஞ்சவங்க. செருப்ப போட்டுக்கங்க.”