ஆவி பிடித்த பலகை

அந்தத் தச்சருக்கு மரக்கடைக்காரர்கள் வைத்த பெயர் பேராசிரியர். இழைப்புளியைக் கையில் எடுக்கும் முன் கால் மணி நேரமாவது பேசுவார். மரத்தை ஆவியில் வேகவைத்து வளைப்பது பற்றி ஃபோனில் நாற்பது வீடியோ பார்த்திருந்தார். இதுவரை வளைத்தது ஒரு ஈர்க்குச்சிகூட இல்லை.

பல் டாக்டரம்மா தன் புதுக் கிளினிக்குக்கு அரைவட்ட முகப்பு வைத்த வரவேற்பு மேஜை கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒரே பலகை டாக்டர். வெட்டு கிடையாது, ஒட்டு கிடையாது. ஆவி காட்டினா கயிறு மாதிரி வளையும். மரத்தோட மனசு தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்."

நீளமாக ஒரு பெட்டி செய்தார். தண்ணீர் கொதிக்கும் டிரம்மிலிருந்து அதற்குள் குழாய் விட்டார். பட்டறையின் மறுபாதியில் படங்களுக்குச் சட்டம் போடும் அவர் மனைவி, பலகையை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இது சூளையில காயவெச்ச மரம். ஈரமே இல்ல. வளையாது, உடையும்."

"நீ நாலு குச்சிய ஒட்டி சட்டம் போடுறவ. இதெல்லாம் உனக்குப் புரியாது."

"வெளிப்பக்கமாவது இரும்புப் பட்டை குடுங்க. அங்கதான் இழுபட்டுப் பிளக்கும்."

"பட்டையெல்லாம் பயந்தாங்கொள்ளிங்களுக்கு."

முதல் பலகை வெடித்த சத்தத்தில் பக்கத்துக் கடை ஷட்டர் பாதி இறங்கியது. தண்ணீர் சரியில்லை என்றார். இரண்டாவது பிளந்தபோது ஆவி போதவில்லை. மூன்றாவதற்குக் காரணம் மனைவி.

"நீ இப்படிப் பாத்துக்கிட்டே நின்னா எனக்குக் கை எப்படி ஓடும்?"

நான்காவது பலகை உடையவில்லை. பாதி வளைந்து, யோசித்து, பிடியை உதறிக்கொண்டு நிமிர்ந்து அவர் தாடையில் அறைந்தது. அதே டாக்டரம்மாதான் ஆடிய பல்லைக் கட்டினார். இரண்டு நாள் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. பேராசிரியருக்கு அதுதான் பெரிய வலி.

அவர் படுத்திருந்த அந்த இரண்டு நாளில் மனைவி ஒரு புதுப் பலகையைக் கவிழ்த்துப் போட்டாள். உள்பக்கத்தில் விரல்கடை இடைவெளிக்கு ஒன்றாக, வெளிமுகத்தில் மூன்று மில்லிமீட்டர் கனம் மட்டும் மிச்சம் விட்டு, வரிசையாக ரம்பத்தால் கீறினாள். முகப்பில் சுடுதண்ணீர்த் துணியைச் சுற்றி மெல்ல அழுத்தினாள். கீறல்கள் மூடிக்கொள்ள, பலகை முறுக்காமல் வளைந்தது. உள்ளே பசை நிரப்பி, மேஜைச் சட்டத்தில் பொருத்தி கிளினிக்குக்கு அனுப்பிவிட்டாள்.

மூன்றாம் நாள் பேராசிரியருக்கு வாய் திரும்ப வந்தது. கிளினிக்கில் மேஜையைத் தடவியபடி ஆவியின் மகிமையை விளக்கத் தொடங்கினார். மனைவி ஓரமாக உட்கார்ந்து பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டரம்மாவின் பேனா உருண்டு மேஜைக்கு அடியில் போனது. எடுக்கக் குனிந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"வெட்டே கிடையாதுன்னீங்க? உள்ள வரிவரியா இருக்கே?"

பேராசிரியர் கண்கூட இமைக்கவில்லை. "அது ஆவி வெளிய போற வழி டாக்டர்."

மனைவி சிரித்த சிரிப்பில் பாலிஷ் டப்பாவைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. "ரம்பத்தால நான் கீறினது டாக்டர். ஆவி மொத்தமும் இவரு தாடைக்கு ஒத்தடம் குடுக்கவே சரியாப் போச்சு."

காத்திருப்போருக்கு ஒரு வளைவு பெஞ்சும் வேண்டுமென்றார் டாக்டரம்மா, மனைவியின் முகத்தைப் பார்த்து.

அன்று முழுக்கப் பேராசிரியர் வீட்டில் பேசவில்லை. மனைவி நிம்மதியாக ஒன்பது சட்டம் முடித்தாள். மறுநாள் காலை அவரே பட்டறைக்கு வந்து, தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"எத்தனை விட்டுக் கீறின?"

"மூணு மில்லிமீட்டர். இந்தாங்க ரம்பம். பெஞ்சுக்குத் தொண்ணூறு கீறல் வேணும்."

பதினொரு கீறல் வாயைத் திறக்காமல் போட்டார். எல்லாம் அளவாக இருந்தன. அவளுக்கே ஆச்சரியம். அப்போது மரம் இறக்க வந்த வண்டிக்காரர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"ஆவியெல்லாம் பழசு தம்பி," என்று நிமிர்ந்தார் பேராசிரியர். "இந்தக் கீறல் முறை இருக்கே, இதுல எங்க நிறுத்தணும்ங்கிறதுதான் சூட்சுமம்…"

பன்னிரண்டாவது கீறல் பலகையை இரண்டாக்கிவிட்டுத்தான் நின்றது.