குகைக்குள் எடுத்த படம்

...அதையும் அழித்துவிடலாம், பாலத்தின் மேல் ரயில் வளைந்து திரும்புகிற அந்தப் படத்தை, முன்பெட்டிகள் ஒவ்வொன்றாக வெயிலுக்குள் நுழைய, கீழே பள்ளத்தாக்கு முழுவதும் பளீரென்று கிடக்கிற அதை. அழித்துவிட்டால் அக்காவுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்ற கேள்வியே இருக்காது, ஆனால் விரல் திரைக்கு அருகே போய்ப் போய்த் திரும்பி வருகிறது, அழிக்கவும் மனசில்லை, அனுப்பவும் மனசில்லை, இது என்ன மாதிரிக் கஞ்சத்தனம்... நேற்று வரைக்கும் இதை அவள் இரக்கம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். சுற்றுலாக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் இறங்கியவுடன் படம் அனுப்ப வேண்டும், அக்கா கேட்டது அது ஒன்றுதான், "போற இடமெல்லாம் எடுத்து அனுப்புடி, பார்த்தா நானும் போயிட்டு வந்த மாதிரி இருக்கும்." அவளும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறாள், ஆனால் பொறுக்கியெடுத்து, மங்கலானவற்றை மட்டும். மேகம் மூடிய கடற்கரை, யாரோ ஒருவரின் முதுகு மறைத்த நீரூற்று. இன்றைக்கு இந்த மலை ரயிலில் ஏறியதிலிருந்து மற்றவர்களெல்லாம் பனி எப்போது விலகும் என்று காத்திருக்க, இவள் பனி வரட்டும் என்று காத்திருந்து எடுக்கிறாள், தூண் ஒன்று குறுக்கே வருகிற நொடி பார்த்து அமுக்குகிறாள், உலகத்திலேயே இப்படி ஒரு பைத்தியம் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். கீழே ஒரு வரி வேறு எழுதுவாள், 'ஒரே பனி, ஒண்ணும் தெரியல, நீ வராததே நல்லதாப் போச்சு.' வராதது! அக்கா என்ன, வர மாட்டேன் என்றா சொன்னாள்?

எதிர் இருக்கையில் தொப்பிக்காரரும் அவர் மனைவியும். கப்பலில் சாப்பாட்டு மேசையில் பழக்கமானவர்கள், பெயரைக் கேட்டு மறந்து, மறுபடி கேட்க வெட்கப்பட்டு, மனசுக்குள் தொப்பிக்காரர் என்றே வைத்துக்கொண்டுவிட்டாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை விட்டுப் படம் எடுக்கிறவர். "ஏங்க, கையை உள்ள இழுங்க, குகை வருது. கை போனா ஒட்ட வெச்சுக்கலாம், கேமரா என் தம்பியோடது" என்றாள் மனைவி. "உன் தம்பி கேமராவைவிட என் கை மட்டமா?" "அந்தக் கை இதுவரைக்கும் வீட்டுல எதையாவது தூக்கியிருந்தா பதில் சொல்லலாம்." இவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே சிரித்ததற்காக ஒரு குறுகுறுப்பும் வந்தது, இந்தக் குறுகுறுப்பைப் பெட்டியில் மடித்து வைத்துக் கொண்டுவந்தவள்போல் எங்கே சிரித்தாலும் எடுத்து உடுத்திக்கொள்கிறாள். அந்த அம்மாள் விடவில்லை, "நீங்க ஏங்க தூண் வரும்போதா பார்த்து எடுக்கறீங்க? இந்தப் பக்கம் அருவி கொட்டுது பாருங்க" என்று தன் இடத்திலிருந்து நகர்ந்து வழி விட்டாள். "ரயில் வேகம் பிடிபட மாட்டேங்குது" என்றாள் இவள். பொய். அருவியையும் எடுத்தாள், அருமையாக வந்தது, அதையும் தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

தனக்கென்று வைத்துக்கொள்வது... அப்பா வைத்த சட்டம் அது, சின்ன வயதில் இருவரும் எதற்கெடுத்தாலும் அடித்துக்கொண்டதால், ஒருத்தி வெட்ட வேண்டும், மற்றவள் முதலில் எடுக்க வேண்டும், வெட்டியவளுக்கு மிச்சம். கேக்கோ, ஆரஞ்சோ, ஜன்னலோர இருக்கையோ, எதுவானாலும். அக்கா வெட்டினால் அளந்து வெட்டியதுபோல் இருக்கும். இவள் வெட்டினால் பெரிய துண்டை விரலால் மெல்ல அமுக்கிச் சின்னதாகக் காட்டுவாள், அக்கா மற்றதை எடுத்துக்கொள்வாள், அமுக்கியதை அவள் கவனித்தாளா இல்லையா என்று இவள் ஒருநாளும் கேட்டதில்லை. அக்கா கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள், இவள் கல்யாணம் பண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவள், நடுவில் அம்மா, வீட்டில் சட்டம் மட்டும் மாறவே இல்லை. அக்கா தபால் அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சந்தோஷத்துக்குத்தான் இரண்டு பேருக்கும் கப்பலில் இடம் பிடித்தார்கள், பிடித்த கொஞ்ச நாளில் அம்மா குளியலறையில் விழுந்தாள், இடுப்பெலும்பு. அக்கா அன்றைக்குச் சமையலறையில் தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். "சரி, நான் வெட்டறேன், நீ எடு. இந்தப் பக்கம் கப்பல், இந்தப் பக்கம் அம்மா" என்று இரண்டு கையையும் நீட்டினாள், ஒன்றில் துணி, ஒன்றில் ஈரத் தட்டு. விளையாட்டாகத்தான். இவளும் விளையாட்டாகவே, நீ போக்கா என்று ஒரு தடவை, ஊருக்காகவாவது ஒரே ஒரு தடவை, சொல்லியிருக்கலாம் இல்லையா? "கப்பல்" என்றாள். இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை. அக்கா கொஞ்சம் பார்த்தாள், பிறகு, "சட்டம்னா சட்டம்" என்று தட்டைக் கவிழ்த்து வைத்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது, ஒன்றுமே இல்லையா, ஒன்றுமே இல்லாமல் ஒருத்தி அப்படிப் பார்ப்பாளா... இப்போது இந்த மங்கல் படங்களெல்லாம் என்ன? தன் துண்டை அமுக்கிச் சின்னதாகக் காட்டுகிற அதே விரல்தானே?

கப்பல் அறையில் இரண்டு கட்டில். அறையைச் சுத்தம் செய்கிறவன் தினமும் துவாலையை மடித்து யானை, அன்னம் என்று ஏதாவது செய்து இரண்டு கட்டிலிலும் வைத்துவிட்டுப் போகிறான், ஒருத்திதான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும் வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. தன் கட்டில் யானையைப் பிரித்துவிடுவாள், அக்காவின் யானை அப்படியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். அதைவிட மோசம் கரண்டிச் சத்தம். அம்மாவுக்குக் கூப்பிடத் தெம்பில்லை, தலைமாட்டில் எவர்சில்வர் தம்ளரும் கரண்டியும், வேண்டும்போது தட்டுவாள், டிங் டிங், திருப்பிப் படுக்க வைக்க, முதுகுக்குப் பவுடர் போட, சில சமயம் எதற்குமே இல்லாமல் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க. கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் யாராவது கோப்பைக்குள் கரண்டியைச் சுற்றினால் போதும், இவள் பாதி எழுந்துவிடுவாள், முழங்காலுக்குத் தனியாகக் காது முளைத்துவிட்டது.

குகை வந்தது. பேச்சு நின்றது, சக்கரச் சத்தம் பெட்டிக்குள்ளேயே புகுந்துகொண்டது, கூரையில் ஒரே ஒரு மஞ்சள் விளக்கு. அந்த இருட்டிலும் தொப்பிக்காரரின் மனைவி பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிச் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தாள், டிங் டிங். இவள் முழங்கால் எழுந்தது. பிறகு உட்கார்ந்தது. கறுப்பு ஜன்னலைவிட உப்புச்சப்பில்லாத படம் வேறு கிடைக்காது என்று தோன்ற, பார்க்காமலேயே அமுக்கினாள். மலையுச்சி நிலையத்தில் எல்லாரும் இறங்கி ஒருவரையொருவர் எடுத்துக்கொண்டார்கள், அங்கேதான் தொலைபேசிக்கு உயிர் வந்தது, இவள் மூன்று படம் அனுப்பினாள், பனி, தூண், குகை. பள்ளத்தாக்கு பைக்குள்ளேயே இருந்தது.

ரயில் மலை இறங்கும்போது இடம் மாற்றிக்கொள்ளச் சொன்னாள் வழிகாட்டிப் பெண், ஏறும்போது பார்க்காதவர்கள் பார்க்கட்டும் என்று, எவ்வளவு சுலபம், இருக்கை மாறினால் கணக்கு நேராகிவிடுகிற உலகம். இவள் உள்பக்கம், ஜன்னலோரம் தொப்பிக்காரரின் மனைவி. பாதி மலையில் ஒரு சின்ன நிலையத்தில் ரயில் நின்றபோது அக்காவின் குரல் பதிவாகி வந்திருந்தது. காதோடு அழுத்தி வைத்துக்கொண்டாள். "ஏண்டி, அவ்வளவு தூரம் போயி உருப்படியா ஒரு படம் எடுக்கத் தெரியாதா உனக்கு? கேக்கை அமுக்கற மாதிரி அமுக்காதே, எனக்கு அப்பவும் தெரியும், இப்பவும் தெரியும்." சிரித்தாள், அக்காவுக்குச் சிரிப்பு முடியும் இடத்தில் ஒரு சின்ன இருமல் உண்டு, அதுவும் வந்தது. "அந்தக் கறுப்புப் படம் இருக்கு பாரு, என்னடா இதுன்னு வெளிச்சத்தைக் கூட்டிப் பெருசாக்கினேன். கண்ணாடியில உன் மூஞ்சி! என்னமா சிரிக்கிறே. நீ அப்படிச் சிரிச்சுப் பார்த்து எத்தனை காலமாச்சு. அது சரி, வெளிய ஒரே இருட்டால்ல இருக்கு, எதைப் பார்த்துடி சிரிச்சே?" அப்புறம் தூரத்தில், டிங் டிங். "இரும்மா, வர்றேன்" என்று குரல் திரும்ப, அத்தோடு நின்றுவிட்டது.

எதைப் பார்த்து... தொப்பிக்காரர் ஏதோ ஜோக் சொன்னார் என்று எழுதினாள், அழித்தாள். அவர் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. குகைக்குள் மலை இல்லை, அருவி இல்லை, அழகு என்று ஒன்றுமே இல்லை. கரண்டி மட்டும் இருந்தது. முழங்கால் எழுந்தது, எழுந்த முழங்காலிடம் அவள்தான் சொன்னாள், இப்போது ஞாபகம் வருகிறது, சொல்லே ஞாபகம் வருகிறது, 'அக்கா இருக்கா, போவா.' சொல்லிவிட்டுச் சாய்ந்துகொண்டாள். அதற்கா? அதற்கா அப்படிச் சிரித்தாள், அக்கா பார்த்துச் சந்தோஷப்படுகிற மாதிரி? பள்ளத்தாக்குப் படத்தை இப்போது அனுப்பிவிட்டால், இதைப் பார்த்துத்தான் என்று சொல்லிவிட்டால், அக்கா நம்புவாள், அல்லது நம்பியதுபோல் எடுத்துக்கொள்வாள், எப்போதும் மற்றதை எடுத்துக்கொள்கிறவள்தானே. இன்னொரு தடவை அந்தக் குரலைப் போட்டுக் கேட்டாள். கடைசியில் வருகிற டிங் டிங்குக்காகவே கேட்டாள் என்பது, அது வந்தபிறகுதான் தெரிந்தது. அம்மாவின் கரண்டிதான், வீட்டுத் தம்ளர்தான், அதில் சந்தேகமே இல்லை, ஆனால் முழங்கால் அசையவில்லை, முதல் தடவை கேட்டபோதும் அசையவில்லை. "கையை உள்ள இழுங்க, குகை வருதுன்னா" என்றாள் பக்கத்திலிருந்தவள், வெளிச்சம் சட்டென்று அணைந்தது, பக்கத்து ஜன்னல் கறுத்துக் கண்ணாடியாயிற்று, கொஞ்சம் கழுத்தைத் திருப்பினால் அதில் தன் முகம் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். திருப்பவில்லை. இருட்டில் ஒரு விரலை மட்டும் எடுத்து உதட்டின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.