திரும்பி வந்த கூறைச்சேலை

இராசிபுரத்தில் உஷாராணி தன் பட்டுச்சேலைக் கடையை இணையத்தில் ஏற்றிய பிறகு விற்ற முதல் கூறைச்சேலை, கட்டப்படாமலே திரும்பி வந்துவிட்டது. கடைக்கு இணைய வேலை பார்க்கும் தனப்பிரியா பிரித்துப் பார்த்தாள். நான்கு முனையிலும் மஞ்சள் இருந்தது.

"மஞ்சக் கறைங்கக்கா. படம் எடுத்து, சேதாரமா வந்துச்சுன்னு போட்டுட்டா பணத்தைத் திருப்பிக் குடுக்க வேண்டியதில்லீங்க."

அந்த விலைக்கு இன்னொரு சேலை எப்போது விற்கும் என்று உஷாராணிக்குத் தெரியாது. வாங்கியவர்களின் எண்ணுக்கு அழைத்தாள். பெண்ணின் அம்மா எடுத்தார்.

"கல்யாணம் நின்னு போச்சுங்க. மஞ்ச வெச்சு, பூசைக்கு எடுத்து வெச்சிருந்தோம். திருப்பி அனுப்பறமேன்னு தொடச்சுப் பார்த்தேன், போகலீங்க."

முனைகளில் பட்டு வெளுத்திருந்ததை உஷாராணி அப்போதுதான் கவனித்தாள். அந்த அம்மாவின் கை எவ்வளவு நேரம் தேய்த்திருக்கும் என்று நினைத்தபடி வெளுத்த முனையை நீவினாள்.

"என்னன்னு போடறதுங்கக்கா?"

"சேலை நல்லபடியா வந்து சேர்ந்துச்சுன்னு போடு, சாமி."

"அப்பறம் இந்தக் கறையோட இதைக் கல்யாணத்துக்குன்னு யாரும் வாங்க மாட்டாங்களே!"

"ஆமா," என்றாள் உஷாராணி. பணத்தைத் திருப்பும் பொத்தானைத் தானே அழுத்தினாள்.